உங்களை நம்பித்தான் இருக்கிறோம்: ஒரு கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட்

இன்று எங்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் கட்டிங் கூடத்தில் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்காது. அந்தக் கூடம் ஒரே ஒரு மேஜையாக இருந்த காலத்தில், அதன் கால் ஆடாமல் இருக்க அட்டையை மடித்து வைத்தவன் நான். தையல் வரிசைகள் எங்கே உட்கார வேண்டும் என்று நல்லூர்க் கட்டடத்தின் தரையில் சாக்பீஸால் கோடு போட்டவன் நான். வெட்டிய துணி மழையில் நனையக்கூடாது என்று சண்டை போட்டுத் தகரக் கூரையை மாற்ற வைத்தவன் நான். இப்போது இந்த ஊரில் மாஸ்டர் என்று அழைக்கப்படுகிறவர்களில் பல பேர் என் மேஜையில் கத்தி பிடித்துப் பழகியவர்கள். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மடத்துக்குளத்தில் குத்தகைக்காட்டில் கரும்பு வெட்டியவரின் மகன். தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். செய்ததைத்தான் சொல்கிறேன்.

இதை எழுத வைத்தது கீர்த்தனா. இப்போது கம்பெனி நிர்வாகத்தைப் பார்க்கிற பெண். ஆண்டு விழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி போனில் செய்தி அனுப்பியிருந்தது. தமிழில் அழகாக எழுதிவிட்டு, கடைசி வரியை மட்டும் இங்கிலீஷில் முடித்திருந்தது. பேரனிடம் காட்டினேன். “கவுன்டிங் ஆன் யூன்னு போட்டிருக்குதுங்க அப்புச்சி. உங்கள நம்பித்தான் இருக்கறோம்னு அர்த்தம்” என்றான்.

அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை முதல்முதலாக நான் கேட்ட நாளில் என் கூடத்தில் பாதி ஷிப்மென்ட் வெட்டாமல் கிடந்தது. இப்போது சரக்கு வாங்குகிற பையருக்கு, துணிக்காரருக்கு, லாரிக்காரருக்கு என்று போகிற ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அதைப் போட்டுவிடுகிறார்களாம். வணக்கம் போடுவது போல ஆகிவிட்டது. அது வணக்கம் இல்லை. ஒருவர் தன் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்கிற சொல். இறக்கி வைத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சொல்கிறேன்.

நான் கைமடியாகச் சேர்ந்தவன். தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுப்பதும், ஓரத்தை மடித்துத் தருவதும் வேலை. பிறகு செக்கிங், பிறகு கட்டிங் மேஜையில் துணி விரிப்பது, பிறகு கத்தி. அந்த வருடங்களில் வாங்கிய திட்டுக்கும் கொட்டுக்கும் தனியாக ஒரு மலர் போட வேண்டும், விட்டுவிடுகிறேன்.

எங்கள் முதலாளி சிவசாமி அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவிநாசிபாளையம் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். பனியன் தொழிலுக்கு வந்த பிறகும் நடை மட்டும் வரப்பில் நடக்கிற நடைதான், நிதானமாக, தரையைப் பார்த்துக்கொண்டே. கூடத்துக்குள் வந்தால் முதலில் யாரையும் பார்க்க மாட்டார். மேஜையில் கிடக்கும் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்து லேசாக இழுத்து விடுவார். அது தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் தலையைத் தூக்கி, “சாப்பிட்டீங்களா மாஸ்டர்?” என்பார். அவசரம் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவசரமான வேலை என்றால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். வேலை முடிகிறவரை எழுந்து போக மாட்டார். அதிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை போய், ஆர்டர்கள் கையை மீறி வந்துகொண்டிருந்த காலம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய பையர் குழந்தைகள் உடுப்புக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். நன்றாகச் செய்தால் வருடம் முழுக்க வேலை. தவறினால் அடுத்த ஊர்க்காரர் வாங்கிக்கொள்வார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தூத்துக்குடியில் கப்பல். தேதி ஒத்துக்கொண்டபோது ஆபீஸில் எல்லாரும் காலண்டரைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். தீபாவளி முடிந்துவிட்டது, பொங்கல் இன்னும் வரவில்லை, நடுவில் நல்ல இடைவெளி என்று சந்தோஷப்பட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு இது. எங்களுக்குத் தீபாவளி என்றால் ஆள் இருக்காது, பொங்கல் என்றால் ஊரே காலி. இந்த இரண்டைச் சுற்றித்தான் தொழில் நடக்கிறது. ஆனால் எங்கள் பேட்லாக் வரிசை முழுக்க ஒரே ஊர். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு வேதக்காரக் கிராமம். கை ஓரமும் கீழ் ஓரமும் மடித்துத் தைக்கிற அந்த பேட்லாக் மெஷினில் முதலில் வந்து உட்கார்ந்தவள் ஜெபமணி. அவள் நாத்தனாரை அழைத்து வந்தாள், நாத்தனார் சித்தி மகளை, அவள் இன்னொருத்தியை. திருப்பூரில் ஆள் வருவது இப்படித்தான், ஒரு கொடியைப் பிடித்து இழுத்தால் கொத்தாக வரும். போனாலும் கொத்தாகத்தான் போகும். கீழ் ஓரம் மடிக்காமல் எந்த உடுப்பும் முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஜெபமணி ஊருக்குப் போனால் ஷிப்மென்ட் ஓரம் மடிக்காமல் நிற்கும்.

அந்த வருடம் பெய்த மழையில் சாயப்பட்டறையிலிருந்து துணியும் தாமதமாக வந்தது. வந்ததை அப்படியே விரித்து வெட்டிவிட முடியாது. பனியன் துணி உருளையில் இழுத்துச் சுற்றப்பட்டு வரும். இழுத்த இழுப்பில் வெட்டினால் மேஜையில் அளவு சரியாக இருக்கும், ஒரு சலவை முடிந்ததும் குழந்தைக்குத் தொப்புள் தெரியும். ஆகவே உருளையைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தளர விட்டு, ஒரு நாள் ஆறப் போட வேண்டும். அதன்மேல் யாரும் கை ஊன்றக்கூடாது, சாப்பாட்டுத் தூக்கு வைக்கக்கூடாது. மறுநாள் கையால் தடவிப் பார்த்தால் துணி தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். அப்போதுதான் அடுக்கலாம், அடுக்கும்போதும் இழுக்காமல் படுக்க வைக்க வேண்டும். அதற்குமேல்தான் அளவு அட்டையை வைத்துக் கோடு, கோட்டின்மேல் கத்தி. எத்தனை அவசரத்திலும் ஆறப் போடாத துணியில் நான் கத்தி வைத்ததில்லை.

பையர்களோடு பேசுகிற மெர்ச்சன்டைசர் பிரகாஷ் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டான். நல்ல பையன், இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. முதலாளியும் இருந்தார்.

“மாஸ்டர், பையர்கிட்ட இருந்து மெயில் வந்திருக்குதுங்க” என்று படித்துக் காட்டினான். கடைசி வரிதான் அந்தச் சொல். “நம்மள நம்பித்தான் இருக்காங்களாமுங்க.”

“நம்பட்டும். துணி ஆற ஒரு நாள் வேணும். வெட்டித் தைச்சு பேட்லாக்குக்குப் போறப்ப கிறிஸ்மஸ் வந்துரும். அவங்க செட்டு ஊருக்குப் போயிரும். அதயும் எழுதி அனுப்பு கண்ணு, தேதியத் தள்ளிக் கேளு.”

அனுப்பினான். பதில் உடனே வந்தது. நான் ஆச்சரியப்பட்டேன்.

பிரகாஷ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். “அது தானா வர்ற பதிலுங்க. மெயில் போட்ட அந்தம்மா கிறிஸ்மஸ் லீவுல போயிட்டாங்களாம். சனவரியில வந்துதான் பாப்பாங்களாம்.”

முதலாளி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அவங்க நம்மள நம்பிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நாம யார நம்பறதுங்க மாஸ்டர்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஜெபமணிகிட்டப் பேசிப் பாருங்க. வற்புறுத்த வேண்டாமுங்க” என்றார்.

பேசப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஜெபமணி மெஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். கணவன் தவறிய பிறகு பிழைக்க வந்தவள். மகள் ஷீபாவை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“சொல்லாதீங்கண்ணே. போன வருசமும் இதே எடத்துல நின்னு இதேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருசம் ஆபீஸ்லருந்து வந்து சொன்னாங்க.”

“உன்ன நம்பித்தாம்மா இருக்குது எல்லாம்.”

“எனக்கு நல்லாத் தெரியும்ணே. நம்பிக்கையக் குடுத்தா ஓரம் மடிஞ்சிருமா? நாந்தான ஒக்காந்து மடிக்கணும்?” பக்கத்தில் அவள் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். ஜெபமணி சிரிக்கவில்லை. “வெள்ளக்காரன் கிறிஸ்மஸுக்குக் கடையப் பூட்டிட்டுப் போயிட்டானாம்லா, பிரகாஷ் தம்பி சொல்லிச்சு. நாங்க அவன் துணிய வச்சுக்கிட்டு இங்க ஒக்காரணும். இந்தத் துணி எங்கூரு ரோட்டு வழியாத்தான் கப்பலுக்குப் போவுது. துணி போவலாம், தைச்சவ போவக்கூடாதாக்கும்.”

மெஷின்மேல் இருந்த நூல்கண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன், கைமடியாக இருந்த பழக்கம். 

அவள் நூலை ஊசியில் கோத்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இந்தக் கிறிஸ்மஸுக்கு அதிகாலை ஆராதனையில ஷீபா வேதபாடம் வாசிக்கப் போறா. மொத பெஞ்சுல இருப்பேன்னு சொல்லியிருக்கேன். அவ என்ன சொன்னா தெரியுமாண்ணே? ‘ரெண்டு வருசமா இதத்தான சொல்லுத’ன்னுட்டு போனை மாமாகிட்ட குடுத்துட்டா. இப்ப போனுக்கே வரமாட்டேங்கா. இந்தத் தடவையும் போவலன்னா, இனி எப்பப் போயும் ஒண்ணுமில்லண்ணே.”

யோசித்தபடியே என் மேஜைக்குத் திரும்பினேன். பையர் எங்களை நம்புகிறார். முதலாளி என்னை நம்புகிறார். நான் இவளை நம்புகிறேன். இவளை நம்பிக்கொண்டிருந்த ஒரு குழந்தை இப்போது நம்புவதை விட்டுக்கொண்டிருக்கிறது. மேலே இருந்து ஒவ்வொருவராகக் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் தலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே கைமாற்ற ஆள் இல்லை.

ஆறிக் கிடந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. என் யோசனை. இதைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஈஸ்வரனின் கம்பெனி. அவர் பேட்லாக் ஆட்கள் மதுரைப் பக்கம், பொங்கலுக்குக் கொத்தாகப் போகிறவர்கள். கிறிஸ்துமஸ் அவர்களுக்கு வெறும் வேலை நாள். எங்கள் ஜெபமணி செட்டுக்குப் பொங்கல் அவ்வளவு முக்கியம் இல்லை. இந்த வாரம் அவர் ஆள் எனக்கு, பொங்கல் வாரம் என் ஆள் அவருக்கு. இவ்வளவு எளிய விஷயம். யாரும் ஏன் செய்யவில்லை என்றால், ஒருவர் டெய்லரை இன்னொருவர் இழுத்துக்கொள்வதுதான் அன்றைய தொழில் தர்மம். அடுத்த கம்பெனி மாஸ்டர் வாசலில் நின்றாலே வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவார். நானும் ஈஸ்வரனும் ஓர் ஓவர்லாக் டெய்லரை வைத்து முட்டிக்கொண்டு, கல்யாண வீடுகளில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டிருந்த காலம்.

போனேன். அவர் நாற்காலி காட்டவில்லை.

“என்னுங்க வேலுச்சாமி, இந்தத் தடவ யாரக் கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?”

“மொத்த பேட்லாக் செட்டயுமுங்க” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.  கேட்டு முடித்துவிட்டு, “நல்ல யோசனைதானுங்க. ஆனா பொங்கலுக்கு எனக்கும் ஒரு ஷிப்மென்ட் இருக்குது. உங்க காரியம் முடிஞ்ச பொறகு உங்க ஆளு வரலீன்னா நான் என்ன பண்றதுங்க? கிறிஸ்மஸுக்குப் போனவங்க அப்புடியே ஊர்லயே இருந்துட்டா?” என்றார்.

“நான் சொல்றனுங்க.”

“நீங்க பேட்லாக் அடிக்க மாட்டீங்கல்ல? அடிக்கறவங்க வந்து சொல்லட்டும்.”

நியாயம்தான். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நியாயம். ஜெபமணியை அழைத்துக்கொண்டு போனேன். அவள் முந்தானையில் நூல் தும்பு ஒட்டியிருந்தது. ஈஸ்வரன் அவளுக்கு நாற்காலி போட்டார், எனக்குப் போடவில்லை.

“ஏனுங்கம்மணி, பொங்கலுக்கு உங்க செட்டோட இங்க வந்துருவீங்களா? உங்கள நம்பித்தான் எங்காளுகள அனுப்போணும்.”

ஜெபமணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். “நான் வாரேன்னு சொல்லி வராம இருந்தது எம்மவகிட்ட மட்டுந்தான் சார். அதுவும் இந்த வருசத்தோட முடியணும்னுதான் ஒங்க வாசல்ல வந்து நிக்கேன். புது வருச ஆராதன முடிஞ்சதும் பஸ் ஏறிருவோம். பொங்கலுக்கு முந்தின நாள் கேட்டத் தெறந்து வைங்க.”

ஈஸ்வரன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாளைக்குக் காத்தால எங்காளுக வருவாங்க” என்றார். பிறகு எனக்கும் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

இனி முதலாளி. வெளியாட்களைக் கூடத்துக்குள் விடுவது சாதாரண விஷயம் இல்லை. பையரின் டிசைன் வெளியே போய்விட்டது என்றால் கதை முடிந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் மேஜை ஓரத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். அது ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்குத் திரும்பியது.

“ஜெபமணி வாக்குக் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்கண்ணா.”

“அப்ப சரிங்க.” பிறகு பிரகாஷைக் கூப்பிட்டு, “பஸ்ஸுல அடிச்சுப் புடிச்சு ஏறப் போறாங்க. நம்ம வேன எடுத்து அவங்க ஊரு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லீருங்க” என்றார். என்னிடம், “மாஸ்டர், நான் உங்கள நம்பித்தான் சொல்றேன்” என்றார். சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கீர்த்தனா இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பையர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு லீவில் போனார். எங்கள் முதலாளி அதே சொல்லைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டுக்கும் டிக்ஷனரியில் ஒரே அர்த்தம்தான் போட்டிருப்பார்கள்.

வேன் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். கேக் டப்பாக்களும் துணிப் பைகளுமாக ஏறினார்கள். ஜெபமணி கடைசியாக ஏறி, ஜன்னல் வழியாக, “அண்ணே, என் மெஷினுக்கு நூலு டென்சன் கொஞ்சம் தளத்தி வைக்கணும்னு அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லுங்க. இறுக்கி அடிச்சா நூலு அறுந்துரும்” என்றாள். போகிற நேரத்திலும் மெஷின் ஞாபகம்.

ஈஸ்வரனின் ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் கை பழகவில்லை, ஓரங்கள் அலையாக வந்தன, நிறையப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அளவுக்கு அளவு பிரித்துச் சின்னச் சின்னக் கட்டாக வெட்டி அனுப்பினேன். ஒரு கட்டில் தையல் தவறினாலும் மற்றவை நிற்காமல் போகும். முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பேக்கிங்கில் பாலிதீன் பை பிரித்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்றும் கூடம் ஓடியது. லாரி குறித்த நேரத்தில் தூத்துக்குடிக்குக் கிளம்பியது.

புது வருடம் பிறந்து ஜெபமணி செட்டோடு திரும்பி வந்தாள். “புள்ள என்ன சொல்லிச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலண்ணே. வாசிக்கும்போது நடுவுல நிமுந்து பாத்தா. வரி விட்டுப் போச்சு. பாஸ்டர் மொறைச்சாரு. மறுபடி மொதல்லருந்து வாசிச்சா.” மெஷினின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “நேத்து, திருப்பூருக்குப் போயிச் சேந்துட்டியான்னு அவளே போன் போட்டா.”

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் ஈஸ்வரன் கேட்டைத் திறக்க வந்தபோது, ஜெபமணியின் செட் முழுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவரே என்னிடம் வந்து சொன்னார். அடுத்த வருடம் எங்கள் தெருவில் இன்னும் சில கம்பெனிகள் சேர்ந்துகொண்டன. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று ஆள் மாற்றிக்கொள்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியில் பண்டிகைக்குப் போகாதே என்று அதற்குப் பிறகு யாரையும் நிறுத்தியதில்லை.

இப்போது மலருக்கு வருகிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பக்கத்தைக் கீர்த்தனா எனக்குக் காட்டியது. ‘பண்டிகைக் கால பணியாளர் பரிமாற்றத் திட்டம், நிர்வாகத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. எந்த நிர்வாகம் என்று கேட்கிறேன். அன்று நிர்வாகம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அதை மதிக்கிறேன். ஆனால் எதிரி வாசலில் நாற்காலி இல்லாமல் நின்றவன் நான். வாக்குக் கொடுத்தவள் ஜெபமணி. அந்த வாக்கு இல்லாமல் என் யோசனை வெறும் யோசனை.

ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட வேண்டும்: ‘கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி யோசித்தது, பேட்லாக் ஜெபமணியின் வாக்கினால் நடந்தது.’ என் பெயர் முன்னால் வர வேண்டும், நான் மூத்தவன். அவள் பெயர் அதே எழுத்தில், அதே அளவில் வர வேண்டும். ஷீபா இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அவளுக்கும் ஒரு மலர் அனுப்ப வேண்டும்.

கீர்த்தனா, உங்களை நம்பித்தான் இருக்கிறேன். நான் இதை இங்கிலீஷில் எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ள மாட்டேன். எந்த அச்சகம், எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் மெஷினிலிருந்து வெளியே வருகிறவரை நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.